மையை மாற்றினால் முகம் ஏன் பச்சையாகிறது?

அக்காளின் திருமணப் புகைப்படத்தை வீட்டிலுள்ள 'இங்க்ஜெட்' அச்சுப்பொறியில் அச்சிடுகிறீர்கள். பொறியைச் செய்த நிறுவனத்தின் மைக்கு விலை மிகுதி. ஆகவே மலிவாகக் கிடைத்த வேறு நிறுவனத்தின் மையை நிரப்பியிருக்கிறீர்கள். திரையில் மாநிறமாக இருந்த முகம் தாளில் பச்சை படர்ந்து வெளிவருகிறது! "மட்டமான மை" என்று சொல்லத் தோன்றும். ஆனால் நல்ல மையிலும் இவ்வாறு நேரும். பிழை கணக்கில் இருக்கிறது.

அது என்ன கணக்கு? பெரும்பாலான வீட்டு அச்சுப்பொறிகளில் இருப்பவை பசுநீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளே. மற்ற நிறங்கள் யாவும் இவற்றின் நுண்துளிகள் நெருங்கி விழுவதால் தோன்றுபவை. ஒரு துளியின் அளவு சில பிக்கோலிட்டர்தான். லிட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கே பிக்கோலிட்டர்! எந்த நிறத்துக்கு எந்த மையில் எவ்வளவு என்பதை நிறுவனத்தார் தம் மையையும் தாளையும் கொண்டே வகுத்துள்ளனர். புதிய மெஜந்தா சற்று வெளிறியதாக இருந்தால், பழைய கணக்குப்படி விழும் துளிகள் போதா. மெஜந்தா குறைந்தால் பச்சை மேலோங்கும்.

கணக்கைத் திருத்துதல்

பல நூறு நிறக் கட்டங்களை, நிறத்திருத்தம் எதுவுமின்றி, அதே மையால் அதே தாளில் அச்சிட்டு ஒரு நாள் உலரவிடுகிறார்கள். பிறகு நிறமாலை ஒளிமானியால் ஒவ்வொரு கட்டத்தையும் அளக்கிறார்கள். கேட்ட நிறத்துக்கும் கிடைத்த நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு கணிப்பொறி ஒரு திருத்தப் பட்டியலை ஆக்குகிறது. இதுவே 'புரொஃபைல்'. மையோ தாளோ மாறினால் இதுவும் மாற வேண்டும். மை விற்போர் சிலர் இதைத் தாமே தருகின்றனர், வாங்கும்போது கேளுங்கள். திருத்தம் சரியா என்றறிய ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ண மைகளால் அச்சிடுங்கள். சாம்பல் நிறத்தில் சிறு பிசகும் உடனே கண்ணில் படும்.

சாயமா, நிறமியா?

உப்பு நீரில் கரைவதுபோல் கரைந்திருப்பது சாய மை. மஞ்சள்தூள் நீரில் மிதப்பதுபோல் நுண்துகள்கள் மிதப்பது நிறமி மை. சாயத்தின் மூலக்கூறுகளை ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் எளிதில் சிதைக்கின்றன. நிறமி பொதுவாக நெடுநாள் நிற்கும். ஆனால் சாய மைக்கென அமைந்த பொறியில் நிறமி மையை ஊற்றினால் துளைகள் அடைபடலாம்.

நிறுவனத்தின் சொந்த மை மட்டும் சாகாவரம் பெற்றதா? இல்லை. 2000ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 1270 பொறியில் அந்நிறுவனத்தின் மையாலும் தாளாலும் எடுத்த படங்கள் சில விரைவிலேயே ஆரஞ்சு நிறமாயின. காற்றிலிருந்த ஓசோன் பசுநீலத்தைத் தின்றுவிட, மெஜந்தாவும் மஞ்சளுமே எஞ்சின!

நீங்களே சோதிக்கலாம். ஒரு படத்தை அச்சிட்டு, பாதியைக் கறுப்புத் தாளால் ஒட்டி மூடி, வெயில் படும் சன்னலில் ஒரு மாதம் வையுங்கள். பிறகு தாளை நீக்கி இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரியாவிட்டால், திருமணப் படத்தை அந்த மையில் அச்சிடலாம்.