தக்காளி நாள்

தென் இத்தாலியில் ஆகஸ்ட் மாதம் தக்காளி பழுத்துக் குவியும். பாட்டி, அத்தை, பேரப்பிள்ளைகள் என்று குடும்பமே முற்றத்தில் கூடி, ஓராண்டுக்கு வேண்டிய தக்காளிச் சாற்றைப் புட்டிகளில் அடைக்கும்.

இதில் பொடிசுகளுக்கும் பொறுப்பான வேலை உண்டு. நம்மூர்த் திருநீற்றுப்பச்சை இனத்துப் பாசில் இலையைப் புட்டிக்கு ஒன்றாகப் போடுவது அவர்கள்தான். மூடிய புட்டிகள் ஒன்றோடொன்று இடித்து உடையாதபடி, இடையிடையே பழந்துணி செருகிப் பெரிய பீப்பாயில் வேகவைப்பார்கள். தண்ணீர் தானாக ஆறும்வரை புட்டியை எடுக்கவே விடமாட்டார் பாட்டி.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆஸ்திரேலியாவில் குடியேறிய இத்தாலியர்கள் இந்த வழக்கத்தையும் கையோடு கொண்டுபோனது எவ்வளவு அழகு! அங்கே கோடை தலைகீழ். ஆகவே மெல்போர்ன் வீட்டுக் கொல்லைகளில் தக்காளி நாள் வருவது ஜனவரி, பிப்ரவரியில்.