தாத்தா காருக்குள் ஒரு சிறுத்தை!

எங்கள் வீட்டு வாசலில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு வெள்ளை மாருதி 800 நிற்கிறது. என் மாமனார் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி. எனக்கு கார் ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான், அந்த வண்டியில்தான். பின் கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர், டாஷ்போர்டில் குட்டிப் பிள்ளையார், டிரைவர் பக்கக் கதவில் கையகலத்துக்குத் துரு. சிக்னலில் நின்றால் ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படி ஒரு சாது!

அந்த சாதுதான் போன ஐப்பசியில் என்னைக் கதிகலங்க வைத்தது.

"கிளட்ச் போயிடுச்சும்மா, கூடவே சில்லறை வேலையும் இருக்கு" என்று என் மகன் வண்டியைத் தெரிந்த பட்டறையில் விட்டிருந்தான். சில்லறை வேலை இரண்டு மாதம் நடந்தது. திரும்பி வந்த வண்டியைப் பார்த்தேன். அதே வெள்ளை, அதே வேல், அதே துரு. "இதுக்கா இரண்டு மாசம்?" என்று கேட்டேன். பயல் சிரித்து மழுப்பிவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மருதமலைக்குக் கிளம்பினேன். அவன் வீட்டில் இல்லை. சாவி ஆணியில் தொங்கியது. பழக்கம்தானே என்று எடுத்து விட்டேன். வடவள்ளி தாண்டி சாலை கொஞ்சம் காலியாக இருந்தது. முன்னால் போன மினி பஸ்ஸைத் தாண்டலாம் என்று வழக்கம்போல ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தேன். வழக்கமாக எங்கள் வண்டி அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டு, யோசித்து, பிறகுதான் நகரும். அன்று முதுகை யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் பாய்ந்தது! பக்கத்து சீட்டில் இருந்த அர்ச்சனைத் தட்டு பின் சீட்டுக்குப் போய்விட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு விநாடி எனக்குப் பிடித்திருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு!

அடுத்த விநாடியில் சந்திலிருந்து ஒரு பெரியவர் பால் கேன்களோடு மொபெட்டில் சாலைக்கு ஏறினார். பிரேக்கை மிதித்தேன். பாய்ந்த வேகத்துக்கு அது நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போனது. வண்டி நின்றபோது அவருக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இடம்தான் இருந்தது. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "பாத்து வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கால் நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. அன்று கோவிலுக்குப் போகவில்லை. நேரே பட்டறைக்குத்தான் போனேன்.

"ஏனுங்க அக்கா, நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?" மெக்கானிக் முகம் வெளுத்துவிட்டது. "தம்பி உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது எங்கள் எஞ்சினே இல்லை! மாருதி 800-ன் சொந்த எஞ்சின் 796 சி.சி.; ஏறக்குறைய 37 குதிரை சக்தி. விபத்தில் நொறுங்கிய ஓர் எஸ்டீம் காரிலிருந்து 1,298 சி.சி. எஞ்சினைப் பழைய சாமான் கடையில் வாங்கி, எஞ்சின் தாங்கும் இடங்களை வெட்டி ஒட்டி உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அது ஏறக்குறைய 65 குதிரை. வண்டியின் எடையோ 650 கிலோ அளவுதான். சைக்கிளில் மோட்டார் கட்டிய கதை! என் பிள்ளை சேர்த்து வைத்த சீட்டுப் பணம் போன வழி அப்போதுதான் தெரிந்தது.

"சரி தம்பி, பிரேக்கை மாத்தினீங்களா?" என்றேன்.

"அது அடுத்த மாசம் பண்ணலாம்னு தம்பி சொன்னாருங்க. காசு பத்தலீங்க."

பசுத்தோல் போர்த்திய புலிகள்

அன்று ராத்திரி வீட்டில் பெரிய பஞ்சாயத்து. என் கணவர் கத்தினார், மகன் முறைத்தான். எனக்கு மட்டும் கோபத்தோடு ஓர் ஆர்வமும் இருந்தது. "ஏன்டா கண்ணு, வேகம் வேணும்னா வேகமான வண்டி வாங்கறதுதானே? எதுக்கு இந்த வேஷம்?" என்று கேட்டேன். "அதுலதாம்மா கிக்கே இருக்கு. பாக்கறவனுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது" என்றான்.

பிறகு அவன் சொன்னதும், நானாகத் தேடிப் படித்ததும் ஒரு பெரிய கதை.

இப்படிப்பட்ட காருக்கு அமெரிக்காவில் 'ஸ்லீப்பர்' என்று பெயர். தூங்குமூஞ்சி! இங்கிலாந்தில் 'க்யூ கார்' என்பார்கள். முதல் உலகப் போரில் சாதாரண சரக்குக் கப்பல்போல் வேஷமிட்டு, பீரங்கியை ஒளித்து வைத்துக்கொண்டு, ஜெர்மானிய நீர்மூழ்கிகளை ஏமாற்றிய 'க்யூ' கப்பல்களின் பெயர் அது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது போன பிறகும் தெற்கு மலைப் பகுதிகளில் வரி கட்டாத கள்ளச் சாராயம் நிற்கவில்லை. அதை ராத்திரியில் கடத்த இளைஞர்கள் தேர்ந்தெடுத்தது சாதாரண ஃபோர்டு கார்களை. 1932-ல் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் எஞ்சினைக் குறைந்த விலைக் காரிலும் கொடுத்தது. அதைக் குடைந்து, தேய்த்து, இன்னும் வேகமாக்கினார்கள். சரக்கு ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து போலீஸுக்குத் தெரிந்துவிடும் என்று கெட்டியான ஸ்பிரிங் போட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? சரக்கு இல்லாதபோது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்று, அதுவே காட்டிக் கொடுத்தது!

யார் வண்டி வேகம் என்று அந்த இளைஞர்களும் மற்ற மெக்கானிக்குகளும் மண் மைதானங்களில் பந்தயம் விட்டதும் ஒரு காரணமாகி, 1948-ல் 'நாஸ்கார்' என்ற பந்தய அமைப்பு உருவாயிற்று. அதில் 50 பந்தயங்கள் வென்ற ஜூனியர் ஜான்சன் சாராயம் கடத்திய குடும்பத்துப் பிள்ளை. சாலையில் அவரைப் பிடிக்க முடியவில்லை. 1956-ல் தந்தையின் சாராய அடுப்படியில்தான் பிடித்தார்கள். சிறைக்குப் போனார். முப்பது வருஷம் கழித்து, 1986-ல், ஜனாதிபதி ரீகன் மன்னிப்பு வழங்கினார்.

நம்மைப் போன்ற ஒரு பெண்மணியும் இந்தக் கதையில் உண்டு. தென் கரோலினாவைச் சேர்ந்த லூயிஸ் ஸ்மித். 1947-ல் கணவரின் புத்தம் புதுக் காரை எடுத்துக்கொண்டு டேடோனா கடற்கரைப் பந்தயத்தைப் 'பார்க்க' போனார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கலந்துகொண்டு, வண்டியை நொறுக்கியும் விட்டார். ஊர் திரும்பி, "வழியில் ரிப்பேர், விட்டுவிட்டு வந்தேன்" என்று கணவரிடம் சொன்னார். கணவர் அமைதியாகச் செய்தித்தாளை நீட்டினார். நொறுங்கிய காரின் படம் அதில் வந்திருந்தது! அந்த அம்மாள் அதற்குப் பிறகும் பந்தயத்தை விடவில்லை. 1999-ல் சர்வதேச மோட்டார் பந்தய கௌரவப் பட்டியலில் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். இதைப் படித்தபோது என் கோபம் பாதி கரைந்தது.

எஞ்சின் மட்டும் போதுமா?

மீதிப் பாதி கரையாததற்குக் காரணம் அந்த பால்காரப் பெரியவர்.

இங்கிலாந்தின் குட்டிக் கார் 'மினி' 1959-ல் வந்தது. 848 சி.சி., 34 குதிரை. கடைக்குப் போகவும் பள்ளிக்கூடம் போகவும் ஏற்ற குடும்பக் கார். பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் அதைப் பார்த்து மயங்கி, 1961-ல் 997 சி.சி., 55 குதிரையாக்கினார். ஆனால் கூடவே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போடச் செய்தார். 1964-ல் பெரிய பெரிய கார்களையெல்லாம் ஓரம் கட்டி மான்டி கார்லோ ராலியை வென்றது அந்த மினி குடும்பம்தான். தெரிந்தவர்கள் எஞ்சினையும் பிரேக்கையும் ஒரே நாளில் யோசித்தார்கள். என் பிள்ளை பிரேக்கை அடுத்த மாசத்துக்குத் தள்ளினான்.

கணக்கு ரொம்பச் சுலபம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் ஆபத்தைப் பார்த்துக் காலைப் பிரேக்குக்குக் கொண்டு போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! 37 குதிரைக்கு அளவெடுத்த பிரேக், 12 அங்குலச் சக்கரம், பழைய ஸீட் பெல்ட், எதுவும் இந்தக் கணக்குக்குத் தயாராக இல்லை.

சட்டமும் இதை ஏற்பதில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் இடம் இருக்கிறது. எங்கள் வண்டி இன்னும் என் கணவர் பெயரில்!

வீட்டில் வாலிபப் பிள்ளைகள் இருக்கும் சகோதரிகளே, வண்டி பட்டறையிலிருந்து வந்ததும் இவற்றைக் கவனியுங்கள்:

1. நின்றபடி ஓடும்போது எஞ்சின் சத்தமும் அதிர்வும் மாறியிருக்கிறதா?

2. பெட்ரோல் செலவு திடீரென்று கூடியிருக்கிறதா?

3. கிளட்ச் பெடல் முன்னைவிடக் கடினமாக இருக்கிறதா?

4. எஞ்சின் எண் ஆர்.ஸி. புத்தகத்தோடு ஒத்துப் போகிறதா? (மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லலாம்.)

5. எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்கும் சொல்லிக் கொடு, என்ன செய்திருக்கிறாய்?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். திட்டினால் மறைப்பார்கள். அந்த மறைப்புதான் என்னை வடவள்ளிச் சாலையில் கொண்டு போய் நிறுத்தியது.

முடிவு

"எஞ்சினைக் கழற்று" என்று நான் சொன்னதும் அவன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவனை அழைத்துக்கொண்டு வடவள்ளி போனேன். அந்தச் சந்து முனையைக் காட்டி, "இங்கேதான்டா. அவரை நான் இடிச்சிருந்தா, நீ செஞ்ச வேலைக்கு நான்தானே கொலைகாரி?" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் கண் கலங்கிவிட்டது. "ஸாரிம்மா. நீங்க எடுப்பீங்கன்னு நினைக்கலை" என்றான். "நானில்லாமல் நீயே ஓட்டியிருந்தாலும் அந்தப் பெரியவர் அங்கேதானே வந்திருப்பார்?" என்றேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

ஆனால் அவன் ஆசையை நான் குழி தோண்டிப் புதைக்கவில்லை. நம் கோவையிலேயே, செட்டிப்பாளையத்தில், 2003 முதல் காரி மோட்டார் ஸ்பீட்வே என்ற 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதை இருக்கிறது. 1995-ல் விமான விபத்தில் இறந்த கோவைக்காரர் கரிவரதன் நினைவாக வைத்த பெயர். இந்த மாருதி 800 எஞ்சினையே வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியவர் அவர். பின்னாளில் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அந்த வகைக் காரைத்தான். இதைச் சொன்னபோது, "தாத்தா எஞ்சினை அவ்வளவு லேசா நினைச்சுட்டேனே" என்றான் பிள்ளை.

இப்போது அந்தப் பெரிய எஞ்சின் பட்டறையில் சாக்குக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பந்தயக் குழுவுக்கு உதவியாளாகப் போகிறான். முறையான பிரேக், இரும்புக் கூண்டு, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து, சாலையில் ஓடாத பந்தய வண்டி ஒன்று கட்ட வேண்டுமாம். சீட்டு புதிதாகப் போட்டிருக்கிறான். முதல் தவணை நான் கட்டினேன். ஒரே ஒரு நிபந்தனை: பிரேக்தான் முதலில் வாங்க வேண்டும். (ஒரு நாள் டிராக்கில் எனக்கும் ஒரு ரவுண்டு தர வேண்டும் என்பதை இவரிடம் சொல்லிவிடாதீர்கள்!)

தாத்தா காருக்குப் பழைய எஞ்சின் திரும்பிவிட்டது. போன வெள்ளிக்கிழமை மருதமலைக்குப் போனேன். மேடு ஏறும்போது வழக்கம்போல் பெருமூச்சு விட்டு, யோசித்து, மெதுவாக நகர்ந்தது. பால் கேன் கட்டிய ஒரு மொபெட் என்னைத் தாண்டிப் போயிற்று. அவரேதான். கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.