ஞானப்பாட்டின் மெட்டும் காற்றின் கருவியும்

1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்குவை நாம் அச்சுக்கூடத்தாலும், தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டாலும் நினைவுகூர்கிறோம். அவரும் அவர்தம் தோழர்களும் கொணர்ந்த மற்றொரு செல்வம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது மெட்டு. ஜெர்மானிய லுத்தரன் சபையார் ஒருங்கே கூடிப் பாடும் பாடலுக்குக் 'கோரல்' என்று பெயர். அப்பாடல்களின் மெட்டு மாறாமல், சொற்கள் மட்டும் தமிழாயின. அவையே ஞானப்பாட்டுகள். பின்னாளில் யோகான் பிலிப் பப்ரிசியுஸ் இவ்வகைப் பாடல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் இயற்றிய கீர்த்தனைகள் நம் இராகங்களில் அமைந்தவை. ஞானப்பாட்டுகளோ, மூன்று நூற்றாண்டுகளாகத் தமிழர் குரலில் வாழ்ந்துவரும் ஐரோப்பிய மெட்டுகள்.

தரங்கம்பாடியில் இம்மெட்டுகள் தமிழ் பேசத் தொடங்கிய அதே ஆண்டுகளில், ஜெர்மனியின் வைமர் நகரில் ஜொஹான் செபாஸ்தியன் பாக் அரண்மனை ஆர்கன் கலைஞராகப் பணியாற்றினார். 1708 முதல் 1717 வரை அங்கிருந்த காலத்தில், கோரல் மெட்டுகளை அடித்தளமாகக் கொண்டு ஆர்கனுக்கான சிறு முன்னிசைகளை எழுதலானார். 'சிறு ஆர்கன் நூல்' எனப்படும் அத்தொகுப்புக்கு அவர் திட்டமிட்டவை 164. எழுதி முடித்தவை 46.

தரங்கம்பாடிக்கும் பாக்கின் உலகுக்கும் பாலமாக விளங்கியது ஹாலே நகரம். தரங்கம்பாடிப் பணிக்கு ஆதரவளித்த பிராங்கேயின் நிறுவனங்கள் அங்கேயே இருந்தன. இசைமேதை ஹாண்டல் 1685இல் பிறந்ததும் அவ்வூரிலேதான். அந்நகரச் சந்தைத் தேவாலயத்தின் ஆர்கன் பணி பாக்கைத் தேடி வந்தது, அவர் ஏற்கவில்லை. எனினும் 1716இல் அங்கு நிறுவப்பட்ட புதிய ஆர்கனைச் சோதித்துச் சான்றளிக்க அழைக்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். 1746 முதல் அப்பணியில் அமர்ந்தவர் பாக்கின் மூத்த மகன். அவர் அங்கு வாசித்துக்கொண்டிருந்த நாள்களில் ஹாலேயில் பயின்ற இளைஞர் ஒருவர் 1750இல் தரங்கம்பாடி வந்தார். அவரே சுவார்ட்ஸ் ஐயர். காவிரிப் படுகையில் திருச்சிராப்பள்ளி, தஞ்சை என்று பணியாற்றிய அவர், 1779இல் சென்னை அரசின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியைச் சந்தித்தார் என்பது வரலாறு.

கோரல் முன்னிசையின் நயம், கேட்போர்க்கு மெட்டு முன்பே தெரியும் என்பதில் அடங்கியுள்ளது. பிலிப் நிக்கோலாய் 1599இல் வெளியிட்ட 'விழித்தெழுங்கள்' என்னும் கோரலை எடுத்துக்கொள்வோம். பாக் முதலில் புத்தம்புது இசையொன்றை ஓடவிடுகிறார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழகிய கோரலின் வரிகள் ஒவ்வொன்றாக இடைபுகுகின்றன. சொல் ஒலிக்கவில்லை, ஆனால் கேட்பவர் நெஞ்சில் சொல் எழுகிறது. ஞானப்பாட்டில் வளர்ந்த தமிழர்க்கு இவ்வனுபவம் அயலானதன்று.

ஃபியூக் என்னும் வடிவம் வேறு வகையானது. ஒரு குரல் சிறு மெட்டொன்றை முன்மொழியும். மற்றொரு குரல் அதே மெட்டைப் பஞ்சமத்தில், அதாவது ஐந்தாம் சுரத்தில் தொடங்கி விடைகூறும். மூன்றாவதும் நான்காவதும் அவ்வாறே சேரும். எக்குரலும் மற்றதற்கு அடங்குவதில்லை; எனினும் யாவும் இசைந்தே நடக்கும். இவை அனைத்தையும் ஒருவரே தம் இரு கைகளாலும் இரு கால்களாலும் வாசிக்கிறார்.

அதற்கு இடம் தருவது குழல் ஆர்கன் என்னும் கருவி. துருத்தி காற்றைச் சேமிக்கும். காற்றுப்பெட்டி அதைப் பகிர்ந்தளிக்கும். கட்டையை அழுத்தினால் உரிய குழலின் வாய் திறக்கும். எட்டடிக் குழல் எழுப்பும் சுரத்தை நான்கடிக் குழல் ஒரு ஸ்தாயி மேலே எழுப்பும். சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தில், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரப் பீட்டர் கொனாச்சர் நிறுவனம் செய்த ஆர்கன் 1883இல் நிறுவப்பட்டது. வெளிர்பச்சையும் பொன்னிறமும் தோய்ந்த அதன் குழல் வரிசையை இன்றும் காணலாம்.

இத்தகைய கருவிகள் நம் தட்பவெப்பத்தில் பிழைத்திருப்பதே அரிது. ஈரத்தில் மரம் உப்புகிறது, கோடையில் வெடிக்கிறது. துருத்தியின் தோல் இற்றுப்போகிறது. வெப்பம் ஏறினால் குழல்களின் சுருதி ஏறும். உலோக நாக்குடைய குழல்கள் அதே அளவில் ஏறாமையால் ஒன்றோடொன்று பிணங்கும். கறையானும் எலியும் தம் பங்கைக் கேட்கின்றன. செப்பனிட வல்லார் நாட்டில் மிகச் சிலரே. ஆகவே பல ஆலயங்களில் மின்னணுக் கருவி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனைக் குறைகூற நாம் முற்படவில்லை. எளிய சபைக்கு அது பெருந்துணை. ஆயினும் வாசிக்கப்படாத குழல் ஆர்கன் விரைந்து பாழாகும். ஒருமுறை பாழானால், அதனை மீட்கும் செலவு ஆண்டுதோறும் பேணும் செலவைப் போல் பன்மடங்காகிவிடும்.

இதற்குரிய வழியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கோயிலில் விளக்கு அணையாதிருக்கக் கட்டளை ஏற்படுத்தினர். முதல் கரையாமல் வருவாய் மட்டும் எண்ணெய்க்குச் சென்றது. பழைய ஆர்கன் உள்ள ஆலயங்களும் அவற்றின் அன்பர்களும் அவ்வாறே ஒரு நிலைவைப்பை உண்டாக்கி, அதன் வட்டியில் ஆண்டுப் பராமரிப்பையும் இளைஞர் ஓரிருவரின் பயிற்சியையும் நடத்தலாம். கருவியைக் காப்பதோடு, அதனை வாசிக்கும் கைகளையும் கால்களையும் காத்தல் வேண்டும்.

மெட்டு நம்மிடம் பத்திரமாக உள்ளது. ஞாயிறுதோறும் சபைகள் அதைப் பாடிக் காக்கின்றன. அதே மெட்டைக் குழல்களின் வழியே கேட்கும் வாய்ப்பு அடுத்த தலைமுறைக்கும் எஞ்சுமா என்பது நாம் இன்று ஒதுக்கும் சிறு தொகையையும் சிறு பொழுதையும் பொறுத்தது.