108-ஐ அழைப்பதா, 104-ஐ அழைப்பதா?

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நள்ளிரவில் இறங்கும் ஒருவருக்கு மூன்று நாள்களாகக் காய்ச்சல். நடக்கிறார், பேசுகிறார், தண்ணீர் குடிக்கிறார். உடன் வந்தவர் பதற்றத்தில் 108-ஐ அழைக்கிறார். அதே நேரத்தில் மேலூர்ச் சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால், அருகிலிருக்கும் ஆம்புலன்ஸ் யாருக்குச் செல்ல வேண்டும்?

108 சேவை தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது உயிருக்கு ஆபத்தான நிலைக்கு உரியது. உடனடி ஆபத்து இல்லாத உடல்நலக் கேள்விகளுக்கென 2013-ஆம் ஆண்டு இறுதியில் 104 தொடங்கப்பட்டது. இரண்டும் கட்டணமற்றவை. இங்கிலாந்திலும் அவசரத்துக்கு 999, மற்றவற்றுக்கு 111 என இவ்வாறே பிரித்துள்ளனர்.

104-ஐ அழைத்தால் முதலில் கேள்விகளே வரும். வயது என்ன, காய்ச்சல் எத்தனை நாள், சிறுநீர் போகிறதா, வேறு நோய்க்கு மருந்து உட்கொள்கிறாரா என்று கேட்பார்கள். இதனைக் காலதாமதம் எனப் பலர் சலித்துக்கொள்கின்றனர். உண்மையில் மருத்துவமனை வாசலில் செவிலியர் செய்யும் வகைப்படுத்தலும் இதுவே. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில், நோயாளியின் நிலையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பார்கள். பச்சைப் பிரிவினர் காத்திருக்க நேரும். அது அலட்சியம் அன்று.

வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாமா, காலையில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லலாமா, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமா என்பது உங்கள் பதில்களைக் கொண்டே முடிவாகும். கிராமங்களில் இருப்போர் தங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரையும் கேட்கலாம். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் செவிலியர் பணியில் இருப்பர்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வண்டி விரைவில் வரும் என்று எண்ணி, இல்லாத நெஞ்சுவலியைச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். அதைவிட ஆபத்தானது, இருக்கும் வலியை ‘வாயுப் பிடிப்பு’ என்று குறைத்துச் சொல்வது. பெரியவர்கள் பெரும்பாலும் இதையே செய்கின்றனர். அருகிலிருப்பவர் தாம் கண்டதைச் சொல்ல வேண்டும்.

பின்வரும் நிலைகளில் 104 வேண்டாம், நேரடியாக 108: நெஞ்சுவலியுடன் வியர்வை, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், வலிப்பு, நினைவிழப்பு, நிற்காத இரத்தப்போக்கு, விஷம் அருந்துதல், கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு. வயலில் பாம்பு கடித்தால், வலியோ வீக்கமோ இல்லாவிடினும் காத்திருக்கக் கூடாது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். எனவே அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் எனில், விடியும்வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

எந்த எண் என்று உறுதியாகத் தெரியாமல் தயங்கி நிற்கும் நிலை வந்தால், 108-ஐ அழையுங்கள். ஐயத்தின் பேரில் அழைத்ததற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.