ஸ்லோ சிஸ்டமா? தூக்கிப் போடாதீங்க பாஸ்!

சுவிட்சைப் போட்டுட்டு, பல் தேய்ச்சு, குளிச்சு, நாலு இட்லி சாப்பிட்டு வந்து பார்த்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா? பிரவுசரைத் திறந்தா வேர்டு தொங்குது, வேர்டை மூடினா மவுஸ் தொங்குதா? 'ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும் தம்பி'ன்னு ஒருத்தர் சொல்வார். 'இது காயலான் கடைக்குத்தான் லாயக்கு'ன்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டு பேரையும் கொஞ்சம் ஓரமா உட்கார வைங்க.

ஒரு கம்ப்யூட்டர் மெதுவாகறதுக்கு மாயம், மந்திரம் எதுவும் காரணம் இல்லை. பெரும்பாலும் நாலே விஷயம்தான். சூடு, நெரிசல், பழைய டிஸ்க், அழையா விருந்தாளி. உங்க மெஷினுக்கு இதுல எதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. காசு செலவு பண்றதும், சாஃப்ட்வேர் டவுன்லோடு பண்றதும் அப்புறம்தான்!

அக்கா லேப்டாப்

தமிழ்நாட்டுல பழைய கம்ப்யூட்டர்னு சொன்னாலே ஞாபகத்துக்கு வர்றது அரசாங்கம் கொடுத்த விலையில்லா லேப்டாப்தான். 2011 செப்டம்பர்ல அந்தத் திட்டம் ஆரம்பிச்சது. எல்காட் நிறுவனம் மூலமா வாங்கி, முதல் வருஷத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல தர்றதா திட்டம். அப்போ வந்த மெஷின்கள்ல 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒரே பெட்டிக்குள்ள விண்டோஸும் இருக்கும், சி-டாக் தயாரிச்ச 'பாஸ்' லினக்ஸும் இருக்கும். அப்போ பிளஸ் டூ படிச்ச அக்காக்கள் இப்போ குழந்தையை ஸ்கூல்ல சேர்த்துட்டாங்க. லேப்டாப் மட்டும் தம்பி, தங்கச்சின்னு கை மாறி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு... சாரி, நடந்துக்கிட்டு இருக்கு.

அப்படி ஒரு வீட்டைப் பார்க்கத்தான் ரெட்டியார்சத்திரம் போனேன். திண்டுக்கல்ல இருந்து பழனி போற ரோட்டுல, ஒட்டன்சத்திரத்துக்கு முன்னாடி வர்ற ஊர். இந்திய - இஸ்ரேல் கூட்டு முயற்சியில அமைஞ்ச காய்கறி மகத்துவ மையம் இருக்கறதும் இங்கேதான். என் கிளாஸ்மேட்டோட சொந்த ஊர் இது. 2013ல அவனோட அக்காவுக்குக் கிடைச்ச லேப்டாப், அவன் கைக்கு வந்து, இப்போ பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற தங்கச்சிகிட்ட இருக்கு. அந்த வீட்டுக்கு அதுதான் ஒரே கம்ப்யூட்டர். 'இன்னொண்ணு வாங்கணும்னா மாட்டைத்தான்பா விக்கணும்'னு அவன் அம்மா சிரிச்சாங்க. தங்கச்சி சிரிக்கலை. அடுத்த மாசம் அவளுக்கு பிராக்டிகல் எக்ஸாம்!

செல்போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்த்தோம். பட்டனை அமுக்கினதுல இருந்து பிரவுசர் திறக்கற வரைக்கும் 6 நிமிஷம் 20 செகண்ட். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அந்த மெஷினோட மல்லுக்கட்டினோம். அதுல செஞ்சதெல்லாம் உங்க வீட்டு மெஷினுக்கும் பொருந்தும்.

முதல்ல நாடி பிடிங்க

டாக்டர் எடுத்த உடனே ஊசி போட மாட்டார், நாடி பார்ப்பார். கம்ப்யூட்டருக்கு நாடி, டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. சிபியூ, மெமரி, டிஸ்க்னு மூணு காலம் தெரியும். மெதுவா இருக்கற நேரத்துல எது 100 சதவீதத்தை முட்டுதுன்னு பாருங்க.

மெமரி நிரம்பி வழிஞ்சா ராம் பத்தலை, இல்லைன்னா ஒரே நேரத்துல நிறைய புரோகிராம் ஓடுது. டிஸ்க் மட்டும் எப்பவும் 100ல நின்னா ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். சிபியூவைத் தெரியாத பேர்ல ஒரு புரோகிராம் தின்னுக்கிட்டே இருந்தா வைரஸ் சந்தேகம். எதுவுமே முட்டலை, ஆனா கொஞ்ச நேரம் ஓடினதும் ஃபேன் கத்துது, அடிப்பக்கம் கொதிக்குதுன்னா... சூடு.

அதே டாஸ்க் மேனேஜர்ல 'ஸ்டார்ட்அப்'னு ஒரு பகுதி இருக்கும். மெஷின் எழுந்திரிக்கும்போதே கூடவே எழுந்திரிக்கற புரோகிராம்களோட லிஸ்ட் அது. தங்கச்சி லேப்டாப்ல 14 பேர் இருந்தாங்க! வீடியோ கால் சாஃப்ட்வேர், ரெண்டு அப்டேட்டர், எப்பவோ கழட்டி வெச்ச பிரின்டரோட உதவியாளர்... ஆன்டி வைரஸையும் டச்பேட், சவுண்டு சம்பந்தப்பட்டதையும் விட்டுட்டு மத்ததை 'டிசேபிள்' பண்ணினோம். இது அழிக்கறது இல்லை. 'கூப்பிட்டா மட்டும் வா'ன்னு சொல்றது, அவ்வளவுதான். இது மட்டுமே ரெண்டு நிமிஷத்தை மிச்சப்படுத்துச்சு. செலவு? பூஜ்யம்!

உள்ளே உட்கார்ந்திருக்கற செம்மண்

ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா தூசி சும்மா இருக்குமா? நம்ம பக்கத்துக் காத்து, ரோட்டோரப் புழுதி, தோட்டத்துச் செம்மண் எல்லாம் லேப்டாப்போட காத்து ஓட்டை வழியா உள்ளே போய், ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவுல கம்பளி மாதிரி படிஞ்சிடும். ஃபேன் சுத்தும், ஆனா காத்து வெளியே வராது.

சூடானா ஏன் மெதுவாகுது? பிராசஸர் தன்னைத்தானே காப்பாத்திக்கற மெஷின். அதோட எல்லை பொதுவா 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதை நெருங்கினா தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். இன்னொரு கணக்கும் இருக்கு. ஏ.சி. ரூம்ல 24 டிகிரி, சித்திரை வெயில்ல நம்ம ஓட்டு வீட்டுக்குள்ள 38 டிகிரின்னு வைங்க. அந்த 14 டிகிரி வித்தியாசமும் கிட்டத்தட்ட அப்படியே பிராசஸர் தலையில ஏறும். சென்னை ஆபீஸ்ல ஒழுங்கா ஓடற அதே மெஷின், இங்கே திணர்றதுக்குக் காரணம் இதுதான்.

சுத்தம் பண்ற முறை சிம்பிள். ஷட்டவுன் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, பேட்டரியும் கழட்ட வருமுன்னா அதையும் எடுத்துடுங்க. மெல்லிசான பெயின்ட் பிரஷ், கையால அமுக்கற ரப்பர் ப்ளோயர் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால பிடிச்சுக்கங்க. கன்னாபின்னான்னு சுத்த விட்டா பேரிங் போயிடும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காத்து வேண்டவே வேண்டாம், அதுல வேகமும் அதிகம், ஈரமும் வரும். ஸ்கிரீனைத் துடைக்க லேசா ஈரமான மெல்லிய துணி போதும். தண்ணியை நேரா தெளிக்காதீங்க.

ரொம்பப் பழைய மெஷின்னா பிராசஸர் மேல தடவின தெர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருக்கும். அதை மாத்தற வேலையை சர்வீஸ் கடையில கொடுங்க. இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தா அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது. நேரா கடைக்குக் கொண்டு போங்க. வீட்டுல தலையணை மேலயும் மெத்தை மேலயும் லேப்டாப் வைக்கற பழக்கத்தை இன்னியோட விட்டுடுங்க. ஒரு மரப்பலகை போதும்.

'க்ளீனர்' என்கிற குப்பை

'உங்க கம்ப்யூட்டர்ல 1,847 பிழைகள்!'னு சிவப்புல மிரட்டுற சாஃப்ட்வேர்களைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் அவங்க பிழைன்னு காட்டறது ரெஜிஸ்ட்ரியில மிச்சம் இருக்கற பழைய பதிவுகள். ரெஜிஸ்ட்ரிங்கறது விண்டோஸோட கணக்குப் புத்தகம் மாதிரி. அதுல ஆயிரம் வரி கூடுதலா இருந்தாலும் வேகம் குறையாது. ஆனா தப்பான ஒரு வரியை அழிச்சா விண்டோஸே எழுந்திரிக்காம போகலாம். ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிக்கறதில்லை.

2017ல நடந்த கதை தெரியுமா? உலகம் முழுக்க பிரபலமான சி-க்ளீனர் சாஃப்ட்வேரோட 5.33 பதிப்புக்குள்ளேயே திருடர்கள் வைரஸை ஒளிச்சு வெச்சுட்டாங்க. அதுவும் நிறுவனத்தோட சொந்த டவுன்லோடு வழியாவே போச்சு. 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள்ல அது இறங்கினதுக்கு அப்புறம்தான் செப்டம்பர்ல விஷயம் வெளியே வந்தது. துடைப்பத்துலயே கரையான்!

குப்பை ஃபைலை அழிக்க விண்டோஸ்ல இருக்கற 'டிஸ்க் க்ளீனப்', 'ஸ்டோரேஜ் சென்ஸ்' ரெண்டும் போதும். சி டிரைவ்ல 15 சதவீதமாவது காலியா வைங்க. சினிமா, பாட்டெல்லாம் வேற டிரைவுக்குப் போகட்டும். விண்டோஸ் 8ல இருந்து டிஃபெண்டர் ஆன்டி வைரஸ் கூடவே வருது. அதை அப்டேட்டா வெச்சாலே நமக்குப் போதும். ரெண்டு ஆன்டி வைரஸை ஒண்ணா ஓட விட்டா, ஒரே ஃபைலை ரெண்டு பேரும் பிடிச்சு இழுப்பாங்க.

பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரங்க நாம. 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைச்சது. ஆனா வீட்டுக்கு மாங்காய்ப் பூட்டு போட்டுட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் 'ஆக்டிவேட்டர்' போட்ட திருட்டு விண்டோஸ்! அந்த ஆக்டிவேட்டர் ஓடறதுக்கே ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணச் சொல்லும். கள்ளச் சாவி செஞ்சு கொடுக்கறவர், தனக்கும் ஒண்ணு செஞ்சு வெச்சுக்க மாட்டார்னு என்ன நிச்சயம்?

ஜெராக்ஸ் கடை டேஞ்சர்

பிராஜெக்ட் பிரின்ட் எடுக்க பென்டிரைவோட போய், திரும்பி வந்து பார்த்தா எல்லா ஃபோல்டரும் 'ஷார்ட்கட்'டா மாறியிருக்கா? பதறாதீங்க, ஃபார்மேட்டும் பண்ணாதீங்க. பெரும்பாலும் ஃபைல்கள் அழியலை, மறைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டை மட்டும் கிளிக் பண்ணாதீங்க. முதல்ல டிஃபெண்டர்ல பென்டிரைவை ஸ்கேன் பண்ணுங்க. அப்புறம் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல மறைஞ்ச ஃபைல்களையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னா உங்க பிராஜெக்ட் தரிசனம் தரும். இன்னும் நல்ல வழி, பிரின்ட் எடுக்க பி.டி.எஃப்.பை மெயில்ல அனுப்பறது. 2010ல தெரிய வந்து உலகத்தையே அலற வெச்ச ஸ்டக்ஸ்நெட் வைரஸ்கூட பென்டிரைவ்ல ஏறிப் போனதுதான்!

90 சுத்து, ஒரு செகண்ட்

இவ்வளவு செஞ்சும் தங்கச்சி லேப்டாப் 4 நிமிஷத்துக்குக் கீழே இறங்கலை. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100லயே நின்னுச்சு. ஏன்? பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுத்துது. அதாவது செகண்டுக்கு 90 சுத்து. ஒவ்வொரு ஃபைலைத் தேடவும் ஒரு முள் நகர்ந்து, தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதனால அங்கொண்ணும் இங்கொண்ணுமா சிதறிக் கிடக்கற துண்டு ஃபைல்களை செகண்டுக்கு நூறு தடவைகூட எடுக்க முடியாது. விண்டோஸ் எழுந்திரிக்க ஆயிரக்கணக்கான துண்டுகள் வேணும். நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

எஸ்.எஸ்.டி.யில சுத்தற தட்டே கிடையாது. அதே வேலையை செகண்டுக்கு ஆயிரக்கணக்குல செய்யும். ஸோ, பழைய மெஷினுக்கு ஒரே ஒரு செலவு பண்ண முடியும்னா அதை எஸ்.எஸ்.டி.யில பண்ணுங்க. அடுத்ததுதான் ராம். விலை ஏறி இறங்கும், அதனால ரெண்டு கடையில விசாரிங்க. மாத்தறதுக்கு முன்னாடி போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாத்தையும் காப்பி எடுங்க. பழைய டிஸ்க்கை மறக்காம கேட்டு வாங்கிக்கங்க, அதுல உங்க வீட்டு ஆதார் கார்டு வரைக்கும் இருக்கும்!

விண்டோஸ் 10 போச்சே?

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 வேணும்னா டி.பி.எம். 2.0 சிப், 4 ஜிபி ராம், ஓரளவு புது பிராசஸர் எல்லாம் வேணும். 2013 மெஷின் அந்தப் பரீட்சையில பாஸ் ஆகாது. பாதுகாப்பு அப்டேட் இல்லாம நெட்டுல உலாவறது, கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரி.

அதனால தங்கச்சி மெஷின்ல எஸ்.எஸ்.டி. மாட்டி, ராமை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. போட்டோம். காசு கொடுக்க வேண்டியதில்லை, தமிழும் வரும். சி, ஜாவா, பைத்தான், லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஓடுது. சிவில், மெக்கானிக்கல் பசங்க கவனிக்க... ஆட்டோகேட் லினக்ஸ்ல நேரடியா ஓடாது. உங்களுக்கு விண்டோஸ்தான் கட்டாயம்னா காலேஜ் லேபைப் பயன்படுத்துங்க.

ரிசல்ட்? 6 நிமிஷம் 20 செகண்ட், 41 செகண்டா ஆச்சு! பேட்டரி மட்டும் பத்து நிமிஷத்துக்கு மேல தாங்கலை, கரன்ட் போனா மெஷினும் போயிடும். அதனால பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணப் பழகிக்கிட்டா. மாடு தொழுவத்துலயே இருக்கு.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம் இல்லையா? அந்த நாளையே சர்வீஸ் டேன்னு வெச்சுக்கங்க. ப்ளோயர் உள்ளே, பேக்கப் வெளியே, ஸ்டார்ட்அப் லிஸ்ட் காலி. அப்புறமா பொட்டு வைங்க. காத்து ஓட்டை மேல மட்டும் வெச்சுடாதீங்க!