மூடிய படலையும் முதிய நாயும்

எமது வீட்டிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் ஒழுங்கையில் ஒரு வளவின் படலை, சென்ற ஆண்டு ஆவணி மாதத்திற் பூட்டப்பட்டது. அவ்வீட்டில் தனித்து வாழ்ந்துவந்த மூதாட்டியை அவருடைய மகன் வந்து கனடாவுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிற் பூட்டிய படலை புதுமையன்று. எம் கண்ணை ஈர்த்தது பூட்டன்று. அதன் கீழே கிடந்த ஒரு சிறு நாய். ஒரு காலத்தில் வெண்ணிறமாய் இருந்திருக்க வேண்டும். இப்பொழுதோ சடை திரிந்து, செம்மண் ஏறி, தேய்ந்த தும்புத்தடியின் தலைபோலத் தோன்றிற்று.

மூதாட்டி அதனைத் தெருவில் விட்டுச் சென்றார் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அயலவர் ஒருவரிடம் ஒப்படைத்து, செலவுக்குப் பணமும் கொடுத்தே சென்றார். அயலவர் கட்டி வைத்தார். அவிழ்த்தவுடன் அது பழைய படலைக்கு ஓடியது. மீண்டும் கட்டினார், மீண்டும் ஓடியது. ஒரு மாதத்தில் அவருக்குச் சலித்துவிட்டது. நாமும் மூன்று மாதம் அதனைக் கடந்தே சென்றோம். பாண் துண்டொன்று எறிந்த நாளும் உண்டு. எறியாத நாளே அதிகம்.

கார்த்திகை மழை தொடங்கிய வாரத்தில், மதகோரத்தில் அது நனைந்து நடுங்கி நிற்பதை எம் மகள் கண்டாள். எட்டாம் வகுப்பிற் படிப்பவள். "அப்பா, இதைக் கூட்டிக்கொண்டு போவம்" என்றாள். நாம் நியாயங்களை எடுத்துரைத்தோம். நாய் கிழடு, இன்று வந்து நாளை இறந்துபோகும், பின்னர் இருந்து அழப்போகிறவள் நீயே, வளர்ப்பதாயின் நல்ல குட்டியாகப் பார்த்து வாங்குவோம். இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலிற் பழகிய நாவுக்கு நியாயங்களா கிடையாமற் போகும்? வீட்டுக்கு வந்தும் அவற்றையே திருப்பிச் சொன்னோம். விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்த எம் அன்னையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 79.

"வயது போட்டுது எண்டு விடுறதெண்டால், தம்பி, எனக்கும் வயது போட்டுதுதானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாம் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

அதன் பெயர் எவருக்கும் தெரியாதிருந்தது. அயலவர் "அடே" என்றே அழைத்தாராம். அன்னையார் எம்மூர் நாய்களுக்கு வழக்கமாக இடும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். வீமன், வெள்ளை, ஜிம்மி, ரைகர் என்று போய், "ரொமி" என்றதும் வலது காது மாத்திரம் நிமிர்ந்தது. அன்றிலிருந்து ரொமிதான். அதுவே பழைய பெயரோ, செவிப்புலன் குன்றிய நாய் அந்த ஓசையைத்தான் பிடித்துக்கொண்டதோ, யாம் ஆராயவில்லை.

சடைநாய் என்று நம்மவர் சொல்லும் இவ்வினம் பொமரேனியன் எனப்படுவது. பால்டிக் கடற்கரையில், இன்று போலந்துக்கும் ஜேர்மனிக்கும் உரியதாயுள்ள பொமரேனியா என்ற பிரதேசத்தின் பெயரால் வழங்குவது. விக்டோரியா மகாராணியார் 1888ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்றபோது மார்க்கோ என்னும் நாயைப் பெற்றுத் திரும்பியபின், உருவிற் சிறிய பொமரேனியன் சீமையிற் பெருமோகமாயிற்று. 1901இல் அவர் மரணப்படுக்கையில் இருந்தபோது, டூரி என்ற பொமரேனியனைத் தம் அருகிற் கிடத்துமாறு கேட்டார் என்பது வரலாறு. அத்தகைய குலத்தில் வந்தது ஒன்று நம்முடைய மதகோரத்தில் நனைந்து நின்றது.

மிருக வைத்தியர் முதலில் வாயைத் திறந்து பார்த்தார். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் இருக்கவேண்டும். ரொமிக்கு 29 இருந்தன, அவற்றுள் நான்கு ஆடின. கண்மணியில் நீலம் பூத்திருந்தது. எமக்கோ பெருங்கவலை, வைத்தியரோ சிரித்தார். நாய்கள் ஏழெட்டு வயதைக் கடந்தபின் கண்வில்லை இறுகுவதனால் இந்த நீலச்சாயல் தோன்றும். அது வேறு, பார்வையை மறைக்கும் வெண்படலம் வேறு. பல் கொண்டு முதிய நாயின் வயதைத் திட்டமாய்க் கூற இயலாது என்றும், பத்துக்கு மேல், பன்னிரண்டுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டு என்று நாம் சிறுவயதிற் படித்த கணக்குப் பிழையாம். முதலாண்டு 15 ஆண்டுக்குச் சமம். இரண்டாமாண்டு மேலும் 9. அதன்பின் சிறிய நாய்க்கு ஆண்டுதோறும் நான்கைந்து. இக்கணக்கின்படி ரொமி அறுபதைத் தொட்டவன், ஓய்வூதியக்காரன். சிறிய நாய்கள் பெரியவற்றைவிட நெடுங்காலம் வாழ்வன என்பதையும் நாம் அன்றுதான் அறிந்தோம். கிரேட் டேன் என்னும் பேருருவ நாய் எட்டு வயதிலே கிழடாகும். பொமரேனியன் பதினான்கு, பதினைந்து வரை செல்வது அரிதன்று. யானை நீண்டும் எலி குறுகியும் வாழும் உலகில் நாய்ச்சாதிக்குள் மட்டும் இம்முறை தலைகீழாய் நிற்கிறது. சிறு நாய்களின் உருவம் சிறுப்பதற்கு ஒரு வளர்ச்சிக் காரணியின் மரபணு வேறுபாடு காரணமென 2007இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. வாழ்நாள் வேறுபாட்டுக்கும் அதற்கும் தொடர்பிருக்கலாம் என்று கருதுவோரும் உளர். ஆகவே "இன்று வந்து நாளை இறந்துபோகும்" என்ற எமது முதல் நியாயம் வைத்தியரின் மேசையிலேயே பாதி விழுந்துவிட்டது.

மீதிப் பாதி விழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இதயத்தின் மேற் குழாயை வைத்துக் கேட்ட வைத்தியர் இரைச்சல் இருக்கிறது என்றார். முதிய சிறுநாய்களில் இதய வால்வு தடித்து இரத்தம் பின்னோக்கிக் கசிவது பெரிதும் காணப்படும் நோய். "சேர், உடனே பயப்பட ஒண்டுமில்லை. நித்திரையிலை மூச்சை எண்ணுங்கோ. நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேலை நிண்டால் கொண்டு வாங்கோ" என்றார். இக்கடமையை எம் மகள் ஏற்றுக்கொண்டாள். பழைய கணக்குக் கொப்பியிற் கோடிட்டு, திகதி, நேரம், மூச்சு என மூன்று நிரலாக எழுதி வருகிறாள். 18, 20, 19, 22. பாடசாலைக் கொப்பிகளில் இவ்வளவு ஒழுங்கை நாம் கண்டதில்லை.

ஆடிய பற்களைக் களைந்தபின் உணவுப் பிரச்சினை எழுந்தது. எமது வீடு சைவ வீடு. வைரவர் கோயில் இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் அரிது. வைரவருக்கு வாகனம் நாய் என்பதையும் யாவரும் அறிவர். எனினும் அவ்வாகனத்துக்கு மீன் அவித்துக் கொடுப்பதென்றால் அடுப்பங்கரையில் இடமில்லை. எம் மனைவியார் கோடிப்புறத்து முருங்கையின் கீழ் மூன்று கல் வைத்து, ஒரு பழைய சட்டியிற் சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, சோற்றுடன் குழைத்து வைத்தார். அன்னையார் இரண்டு வாரம் அப்பக்கம் திரும்பவேயில்லை. மூன்றாம் வாரம், "பிள்ளை, முள்ளுப் பார்த்து எடு, பல்லில்லாதவன்" என்று கதிரையிலிருந்தே குரல் வந்தது. இப்பொழுது முள் எடுப்பவர் அவரே. ஐம்பது ஆண்டு மச்சம் தொடாத விரல்கள். முடித்ததும் கிணற்றடிக்குப் போய்க் கால் முகம் கழுவித் திருநீறு பூசிக்கொள்கிறார். நாமும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

நம் வீடுகளில் முதிய நாயை வைத்திருக்க எண்ணுவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். கறிச்சோறு கொடுத்தல் ஆகாது; வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிப்பன. காய்ச்சலென்று மனிதருக்குரிய பனடோலைக் கொடுப்பது பெருந்தீங்கு. வழுவழுப்பான சீமெந்துத் தரையில் முதிய கால்கள் விரிந்துபோகும். நாம் சாக்குகளை விரித்தோம். வெயிற்காலத்திற் சடையை மொட்டையாக வழிப்பதும் தவறு, ஏனெனில் அவ்விரட்டைச் சடையே வெப்பத்தையும் தடுப்பது. சீவி, உண்ணி பார்த்தாற் போதும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியை "கிழட்டு நாய்க்கு எதற்கு?" என்று விட்டுவிடலாகாது, அந்நோயின் அறிகுறி தோன்றியபின் நாய்க்கும் மீட்சியில்லை, மனிதர்க்கும் மீட்சியில்லை.

நாய்களைக் கொல்லாத நாடு நம்முடையது. 2006ஆம் ஆண்டில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய வழக்கத்தை அரசு கைவிட்டது; அது நல்ல செயலே. ஆனாற் கொல்லாமல் விடப்பட்டவை முதுமையடையத்தானே செய்யும்? தெருவிலே பிறந்த நாய்க்குத் தெரு பழக்கம். வீட்டுத் திண்ணையிற் பத்தாண்டு வாழ்ந்த சடைநாய்க்கு எச்சிற் பொதியைக் கிழிக்கவும் தெரியாது, வாகனத்துக்கு விலகவும் தெரியாது. வெளிநாட்டுக்குப் போகிறவர்களை நாம் குறைசொல்ல வரவில்லை. எமது தமையனாரும் இலண்டனில் இருக்கிறார். போகுமுன், குட்டியைக் கேட்பவர்க்குக் கொடுப்பதுபோலக் கிழட்டு நாயையும் கொடுத்துவிடலாம் என எண்ணுவது மட்டும் நடைமுறைக்கு ஒவ்வாது. அதனைக் கேட்டு வருவார் இல்லை; நாமும் கேட்டு வரவில்லை.

மாணவர்க்குக் கதை சொல்லும்போது தருமபுத்திரரைப் பின்தொடர்ந்த நாயை நாம் மறப்பதில்லை. அந்நாய் ஈற்றில் தருமதேவதையாய் வெளிப்பட்டது. எமக்கு இப்பொழுது நெருக்கமாய்த் தோன்றுவது ஹோமரின் ஒடிசியில் வரும் ஆர்கோஸ். இருபது ஆண்டின் பின் மாறுவேடத்தில் வந்த ஒடிசியசை மனிதர் எவரும் அறியவில்லை. எருக்குவியலின்மேல் உண்ணி மொய்க்கக் கிடந்த கிழநாய் அறிந்து வாலை அசைத்தது. தன்னை வெளிக்காட்ட இயலாத அவன் மறைவாய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாய் அத்துடன் இறந்தது. அது தேவதையாகவில்லை, நாயாகவே இருந்துவிட்டது. இருபது வயதுக்கு மேல் அதனை உயிரோடு வைத்திருந்தது புலவனின் தாராளமென்று எம் மகள் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

சென்ற மாதம், கனடாவிலுள்ள மூதாட்டி எவ்வாறோ எமது இலக்கத்தைப் பெற்று வாட்ஸ்அப்பிற் காணொளி அழைப்பு எடுத்தார். தடித்த கம்பளிச் சட்டை. பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். "ரொமி, ரொமி" என்று அழைத்தார், பெயர் சரிதான். நாய் எழவில்லை. காது அவ்வளவுக்கு மங்கிவிட்டது. மகள் தொலைபேசியை அதன் மூக்கருகே கொண்டுபோனாள். ஒருமுறை முகர்ந்துவிட்டு, அன்னையாரின் பாதத்தின்மேல் மீண்டும் தலையை வைத்துக்கொண்டது. அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை.

"அக்கா, சோறு தின்னுறானோ?" என்று பின்னர் கேட்டார்.

"ஓமோம், இப்பதான் முடிச்சவன்" என்றார் எம் அன்னையார். நம்பமாட்டாரோ என்று, வழித்து நக்கிய தட்டையும் எடுத்துத் தொலைபேசிக்கு நேரே பிடித்துக் காட்டினார்.