நம் வீடு, எதிர் புளோக்கின் கண்கள்

சொந்த வீட்டுக்குள் உடையில்லாமல் இருந்தால் குற்றமா? வானொலியில் இதை வாய்விட்டுக் கேட்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி எனக்கு ஒரு நேயரிடமிருந்து குரல்பதிவாக வந்தது. புதிதாகத் திருமணமானவர். “குளிச்சிட்டு அப்படியே ரூமுக்குப் போறேன் அக்கா. எதிர் புளோக்குல ஒருத்தர் போலிசுக்குச் சொல்லிடுவேங்கிறார். என் வீட்டுல நான் எப்படி இருந்தா அவருக்கென்ன?”

அவருக்கென்ன என்று நானும்தான் நினைத்தேன். சட்டத்தைப் படித்தால் கதை வேறு. பொது ஒழுங்கு, தொல்லை தொடர்பான பல்வகைக் குற்றங்கள் சட்டத்தின் 27ஏ பிரிவு, பொது இடத்தை மட்டும் சொல்லவில்லை. தனியார் இடத்தில் இருந்தாலும், பொதுமக்கள் பார்வையில் படும்படி நிர்வாணமாக இருப்பது குற்றம். 2,000 வெள்ளிவரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை அல்லது இரண்டும். வீடு யாருடையது என்பதல்ல பிரச்சினை. வெளியிலிருந்து தெரிகிறதா என்பதுதான். திரையை மூடிவிட்டால் உள்ளே நீங்கள் எப்படி இருந்தாலும் இந்தப் பிரிவுக்கு வேலையில்லை.

முழு நிர்வாணம் மட்டுமல்ல, பொது நாகரிகத்தைப் புண்படுத்தும் அரைகுறை உடையும் இதில் அடங்கும். சட்டை போடாமல், கைலியோடு தாழ்வாரத்தில் காற்று வாங்கும் தாத்தாக்கள் பதற வேண்டாம். அவர்களைப் பிடிக்க வந்த சட்டமாக எனக்குத் தோன்றவில்லை!

வீவக வீடுகளில் இது சிக்கலாவதற்குக் காரணம் கட்டட அமைப்பு. புளோக்குகள் நேருக்கு நேர் நிற்கின்றன. பல வீடுகளில் படுக்கையறைச் சன்னலே பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால், பகலில் மறைத்த மெல்லிய திரை எதையும் மறைக்காது. சாவி வாங்கியதும் சமையலறைக்கும் தொலைக்காட்சிக்கும் செலவழித்துவிட்டு, திரையை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் இளம் தம்பதியர்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பார்க்கிறவருக்கும் எல்லை உண்டு. தனிமை இருக்குமென ஒருவர் நியாயமாக எதிர்பார்க்கும் சூழலில், சம்மதமின்றி அவரது அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2020 ஜனவரி 1 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். ஈராண்டுவரை சிறை, அபராதம், பிரம்படிகூட விதிக்கலாம். ஆகவே ‘ஆதாரம்’ என்று கைப்பேசியில் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள். புகார் சொல்லப்போய் நீங்களே விசாரணைக்குப் போக நேரும்.

எதிர்வீட்டுக்காரர் கண்ணில் பட்டால், என் யோசனை: கதவிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு. “இரவில் உங்கள் அறை வெளியே தெரிகிறது.” பெயர்கூட வேண்டாம்.